மூன்று தலைவர்கள்... ஒரு மின்பாதை!

2012 ஜூலை 30, அதிகாலை 2.33. டெல்லியில் ஜூலைப் புழுக்கம் எப்படி இருக்கும் என்று அங்கே ஒரு கோடை கழித்தவர்களுக்குத் தெரியும். ஃபேன் நின்று தூக்கம் கலைந்தவர்கள் வழக்கமான பவர்கட் என்றுதான் நினைத்தார்கள். விடிந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. டெல்லி, பஞ்சாப், ஹரியானா, உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான், ஜம்மு காஷ்மீர் என வடக்கு மண்டல மின்தொகுப்பே படுத்துவிட்டிருந்தது. பாடுபட்டு நிமிர்த்தினார்கள். மறுநாள் பகல் ஒரு மணிக்கு மறுபடி விழுந்தது. இந்த முறை கிழக்கையும் வடகிழக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. டெல்லி மெட்ரோ நின்றது, ரயில்கள் நின்றன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பரப்பில் கரன்ட் இல்லை. அன்றைக்கே மின்துறை அமைச்சர் சுஷில்குமார் ஷிண்டேவுக்கு உள்துறை கிடைத்தது. அரசியலில் இதற்கெல்லாம் கணக்குப் பார்ப்பதில்லை.

இன்ஜினீயர்கள் கணக்குப் பார்த்தார்கள். மத்திய மின்சார ஆணையத்தின் தலைவர் ஏ.எஸ். பக்‌ஷி தலைமையிலான குழு இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 16 அன்று அறிக்கை தந்தது. வட மாநிலங்கள் அளவுக்கு மீறி மின்சாரத்தை உறிஞ்சின என்பதுதான் எல்லோர் நினைவிலும் தங்கியது. அந்த அறிக்கையில் இன்னொரு தகவலும் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பினாவிலிருந்து குவாலியர் வழியாக ஆக்ராவுக்குப் போகும் 400 கே.வி. பாதையில் இரண்டு சர்க்யூட்டுகள். அவற்றில் ஒன்றை 765 கே.வி.க்கு உயர்த்தும் வேலைக்காக, திட்டமிட்டே நிறுத்தி வைத்திருந்தார்கள். வேறு சில லைன்களும் அந்த நேரத்தில் சேவையில் இல்லை. மேற்கையும் வடக்கையும் இணைக்கும் பாரம் முழுக்க மிச்சமிருந்த ஒற்றைச் சர்க்யூட்டின் தலையில். பாரம் ஏற ஏற, பழுது ஏதும் இல்லாத அந்த லைனைப் பாதுகாப்பு ரிலே பழுது என்று எடுத்துக்கொண்டு வெட்டிவிட்டது. அப்புறம் நடந்ததுதான் ஊருக்கே தெரியும்.

நாளைய பலத்துக்காக நடந்த கட்டுமான வேலை, இன்றைய பலத்தைக் குறைத்து வைத்திருந்தது. வேலை தேவையானதுதான். ஆனால் எந்த வாரத்தில் லைனை நிறுத்துவது, அந்த வாரத்தில் வேறு எதையெல்லாம் நிறுத்தக் கூடாது, சூழ்நிலை மாறினால் வேலையைப் பாதியில் விட்டு லைனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வது யார்? மிகப்பெரிய மின் கட்டுமானத் திட்டங்களில் தலைமை என்று ஒன்று இருக்கிறதென்றால் அது முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம். நம்மூர் மின்வாரியத்தில் லைன்மேன்கள் 'எல்.சி. வாங்கியாச்சா?' என்று கேட்டுவிட்டுத்தான் கம்பத்தில் ஏறுவார்கள். லைன் க்ளியர் என்பதன் சுருக்கம். அதே எல்.சி.தான் டெல்லியில் தேசிய அளவில் நடக்கிறது. பெயர் மட்டும் 'அவுட்டேஜ் பிளானிங்' என்று பெரிதாகிவிடும்.

இதில் ஒரு விசித்திரமும் இருந்தது. லைனைக் கட்டுவது பவர்கிரிட் நிறுவனம். மின்தொகுப்பை நொடிக்கு நொடி இயக்குவது போசோகோ. ஆனால் 2012-ல் போசோகோ, பவர்கிரிட்டுக்கு முழுச் சொந்தமான துணை நிறுவனம். குதுப் மினாருக்குப் பக்கத்தில் கட்வாரியா சராய் பகுதியில் இரண்டுக்கும் அலுவலகங்கள். லைனை நிறுத்தக் கேட்பவரும் நிறுத்த அனுமதி தருபவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். மின்தொகுப்பை இயக்கும் மின்பகிர்வு மையங்களுக்குத் தன்னாட்சி வேண்டும் என்று விசாரணைக் குழு சொன்னது. 2017 ஜனவரியில்தான் போசோகோ தனியே பிரிந்தது. இன்றைக்கு அது கிரிட் இந்தியா. ஒரு கதவைப் பூட்ட நாலரை ஆண்டுகள்.

சரி, அந்த இரண்டு நாளும் தமிழ்நாடு எப்படித் தப்பியது? தப்பியது என்று சொல்வதே சங்கடம். தெற்கு மண்டலம் மற்ற மண்டலங்களோடு நேரடியாகச் சேர்ந்து துடிக்கவில்லை. தால்ச்சர்–கோலார், பத்ராவதி, காஜுவாக்கா என்று சில நேர்மின்னோட்ட இணைப்புகள் வழியாக மட்டுமே மின்சாரம் வந்துகொண்டிருந்தது. நேர்மின்னோட்ட இணைப்பில் அந்தப் பக்கத்து அலைவெண் ஆட்டம் இந்தப் பக்கம் தாவாது. அதனால் வடக்கு விழுந்தபோது நாம் விழவில்லை. அதே காரணத்தால் வடக்கிலும் கிழக்கிலும் மலிவாகக் கிடைத்த மின்சாரத்தை வேண்டிய அளவு கொண்டுவரவும் முடியவில்லை. 2012-ல் கோவையிலும் திருப்பூரிலும் பட்டறை வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். ஒரு நாளில் பாதி நேரம் கரன்ட் இல்லாமல் ஓட்டிய காலம் அது. அந்தப் பற்றாக்குறைக்கு வேறு காரணங்களும் உண்டு. பாதை இல்லாததும் ஒன்று.

அந்தப் பாதைதான் ராய்ச்சூர்–சோலாப்பூர். கர்நாடகத்திலிருந்து மகாராஷ்டிரத்துக்கு 208 கி.மீ., 765 கே.வி. லைன். மொத்தம் இரண்டு. ஒன்று பவர்கிரிட் பொறுப்பு, இன்னொன்று போட்டி ஏலத்தில் தனியார் கூட்டணிக்குப் போனது. அப்போது பவர்கிரிட் தலைவர் ஆர்.என். நாயக், போசோகோவின் தலைமைச் செயல் அதிகாரி எஸ்.கே. சூனி. ஒருவர் கட்டுபவர், இன்னொருவர் ஓட்டுபவர். 2013 டிசம்பர் 31 இரவு, ஊர் புத்தாண்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், பவர்கிரிட்டின் லைன் வழியாகத் தெற்கு மின்தொகுப்பு மற்றவற்றோடு இணைந்தது. குறித்த கெடுவுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே. காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே அலைவெண், 50 ஹெர்ட்ஸ்.

இணைந்த மறுநாளே மின்சாரம் கொட்டிவிடவில்லை. இத்தனை பெரிய இரண்டு தொகுப்புகளை ஒற்றை லைனில் கட்டினால் அது ஊஞ்சல் மாதிரி ஆடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பாரம் ஏற்றினார்கள். பத்திரிகைகளில் புகைப்படம் வரும் நாளுக்கும், லைன் உண்மையில் வேலை செய்யும் நாளுக்கும் இடையில் இருக்கும் அந்தப் பொறுமைக்கு யாரும் மாலை போடுவதில்லை.

லைனுக்கு முதன்முதலாக மின்சாரம் கொடுப்பதைத் தொழிலில் 'சார்ஜ் பண்றது' என்பார்கள். அதற்கு முந்தைய நாள் எப்படி இருக்கும் தெரியுமா? லைன் நெடுக ஆட்கள் வேலை செய்த இடங்களிலெல்லாம் கம்பியைத் தரையோடு இணைத்துத் தற்காலிக எர்த் போட்டிருப்பார்கள். பக்கத்தில் ஓடும் வேறொரு உயர் அழுத்த லைனின் தூண்டலால், மின்சாரமே விடாத கம்பியிலும் ஆளைத் தூக்கி அடிக்கும் அழுத்தம் ஏறும் என்பதால் இந்த ஏற்பாடு. சார்ஜ் பண்ணும் முன் இவை எல்லாம் கழற்றப்பட வேண்டும். எந்த டவரில் எத்தனை எர்த் போட்டோம், எத்தனை கழற்றினோம் என்று ஒவ்வொரு கேங்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும். மால்டாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பையன்கள், அவர்களுக்கு மேல் ஒரு சூப்பர்வைசர், அவருக்கு மேல் சைட் இன்ஜினீயர். ஆட்கள், சாமான், எர்த் எல்லாம் விலக்கியாயிற்று என்ற தாள் கைமாறி மேலே போகும். நாற்பது எர்த் போட்டு முப்பத்தொன்பதுக்குத்தான் கணக்கு வந்தால் எல்லாம் நிற்க வேண்டும். அமைச்சர் ஃப்ளைட் ஏறிவிட்டாலும் நிற்க வேண்டும்.

'இன்றைக்கு முடியாது சார்' என்று சைட் இன்ஜினீயர் போன் செய்தால் அதை டெல்லியில் யார் எடுக்கிறார், எந்தக் குரலில் பேசுகிறார் என்பதில்தான் அந்த நிறுவனத்தின் தலைமை தெரியும். திட்டினால், அடுத்த முறை அந்த இன்ஜினீயர் போன் செய்ய மாட்டார். அவ்வளவுதான்.

டெல்லியில் உட்கார்ந்திருக்கும் திட்டத் தலைமைக்கு வோல்டேஜைவிட அதிகம் பழகியது கோப்பு. லைன் காட்டைக் கடந்தால் ஜோர்பாக்கில் உள்ள இந்திரா பர்யாவரண் பவன். தண்டவாளத்தைக் கடந்தால் ரயில்வே 'பிளாக்' தர வேண்டும். ஓரிரு மணி நேரம் ரயில்களை நிறுத்தித் தரும் அவகாசத்துக்குள் கம்பியை அந்தப் பக்கம் கொண்டுபோய்விட வேண்டும். தொலைபேசிக் கேபிள்களுக்கு ஒரு அனுமதி, விமானதளத்துக்கு ஒன்று. ஆர்.கே. புரம் சேவா பவனில் மின்சார ஆணையம், ரஃபி மார்க்கில் அமைச்சகம். ராஜஸ்தானில் கானமயில் பறக்கும் இடமென்றால் உச்ச நீதிமன்றமும் சேரும். லைன்களைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021 ஏப்ரலில் வந்த உத்தரவை, 2024 மார்ச்சில் நீதிமன்றமே மாற்றி நிபுணர் குழுவிடம் விட்டது. இடைப்பட்ட மூன்று ஆண்டு குழப்பத்தையும் யாரோ ஒருவர் அட்டவணையில் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

இந்த 'யாரோ ஒருவர்' எத்தனை நாள் நாற்காலியில் இருக்கிறார்? எனக்கு இதுதான் பெரிய உறுத்தல்.

பொதுத்துறை நிறுவனங்களின் தலைவர்களை லோதி ரோட்டில் உள்ள பொது நிறுவனங்கள் தேர்வு வாரியம் நேர்காணல் நடத்திப் பரிந்துரைக்கிறது. பதவிக்காலம் ஐந்து ஆண்டு அல்லது ஓய்வு வயது, எது முன்னால் வருகிறதோ அதுவரை. உள்ளேயே வளர்ந்து டைரக்டராகி, பிறகு தலைவராகும்போது வயது ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு ஆகிவிடும். நாற்காலி சூடாகும்போதே பிரிவுபசார விழா.

தமிழ்நாட்டுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட உதாரணம் ராய்கட்–புகளூர். சத்தீஸ்கரிலிருந்து தமிழ்நாட்டுக்கு 1,760 கி.மீ.க்கும் மேல், 800 கே.வி. நேர்மின்னோட்டப் பாதை. 6,000 மெகாவாட் தாங்கும். கன்வெர்ட்டர் நிலையங்களுக்கான ஆர்டர் 2016 இறுதியில் ஏ.பி.பி.–பெல் கூட்டணிக்குப் போனது. முதல் பகுதி 2020-ல் ஓடத் தொடங்கி, முழுத் திறன் 2021-ல் வந்தது. ஆர்டர் கொடுத்தபோது பவர்கிரிட் தலைவர் ஐ.எஸ். ஜா. அவர் 2019 தொடக்கத்தில் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போனார். சில மாதங்கள் ரவி பி. சிங். 2019 ஆகஸ்ட்டிலிருந்து கே. ஸ்ரீகாந்த். ஒரே மின்பாதைக்கு மூன்று தலைவர்கள். மூவருமே திறமைசாலிகள், வேலையும் முடிந்தது. அந்தப் பாதை காற்றாலைக் காலத்தில் நம் உபரி மின்சாரத்தை வடக்கே அனுப்பவும் செய்யும். இன்ஜினீயரிங் என்ற அளவில் குறை சொல்ல நான் யார்?

ஆனால் 2018, 2019-ல் கொங்கு மண்டலத்தில் நடந்ததை மறந்துவிட முடியாது. திருப்பூர், ஈரோடு, கோவை மாவட்டங்களில் விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள், வயலில் இறங்கித் தடுத்தார்கள். 800 கே.வி. பாதைக்குக் கீழே 69 மீட்டர் அகலத்துக்குத் தென்னை வைக்க முடியாது. நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும், வரியும் அவரே கட்டுவார், விற்கப் போனால் பாதி விலைக்குக் கேட்பார்கள். 1885-ம் ஆண்டின் தந்திச் சட்டம் தரும் அதிகாரத்தை, 2003-ம் ஆண்டின் மின்சாரச் சட்டம் அப்படியே மின்பாதைக்குக் கைமாற்றியிருக்கிறது. நிலத்தைக் கையகப்படுத்தாமலே டவர் நடலாம். வெள்ளைக்காரன் தந்திக் கம்பம் நட எழுதிய சட்டத்தில் இத்தனை பெரிய டவரை நிறுத்துகிறோம்.

புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் 320 கே.வி. பாதையில் கேரளப் பகுதியில் கொஞ்ச தூரம் பூமிக்கடியில் கேபிளாகப் போகிறது. 'அங்கே முடியும், இங்கே ஏன் முடியாது?' என்று விவசாயிகள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குத் தொழில்நுட்பப் பதில் இருக்கிறது. 320 கே.வி.க்குக் கேபிள் கிடைக்கிறது, 800 கே.வி.யில் 6,000 மெகாவாட்டை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மண்ணுக்கடியில் கொண்டுபோவது இன்றைய நிலையில் வேறு கதை, வேறு செலவு. இதை முதல் குழி தோண்டுவதற்கு முன்பே, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் தாராபுரத்திலோ காங்கேயத்திலோ வந்து உட்கார்ந்து தமிழில் சொல்லியிருக்க வேண்டும். 'ஆர்.ஓ.டபிள்யூ. (வழியுரிமை) பிரச்னை' என்று கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டு ஆட்சியரையும் போலீசையும் எதிர்பார்ப்பது திட்டத் தலைமை ஆகாது. நிலம் தருபவரும் அந்தத் திட்டத்தில் ஒரு பங்குதாரர் என்று நினைக்காதவரைக்கும், தாமதத்துக்கு அவரைக் குற்றம் சொல்வது எளிதாகத்தான் இருக்கும்.

நீண்ட காலம் ஒரே தலைமை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் டெல்லியிலேயே சாட்சி உண்டு. இ. ஸ்ரீதரன் டெல்லி மெட்ரோவின் நிர்வாக இயக்குநராக வந்தது 1997-ல், 65 வயதில். பொதுத்துறை விதிப்படி வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய வயது. 2011 டிசம்பர் வரை இருந்தார். 1964 புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் ஓடவைத்தவர் என்பதால் ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு அவர் புதியவரல்ல. சிவில் இன்ஜினீயர்தான், ஆனால் டெல்லி மெட்ரோ ஒரு பிரம்மாண்ட மின் திட்டமும்கூட. கொல்கத்தா மெட்ரோ மாதிரி தண்டவாளத்துக்குப் பக்கத்தில் 750 வோல்ட் மூன்றாம் தண்டவாளம் போடாமல், ரயில்வேயைப் போலவே 25 கே.வி. மேல்நிலை மின்சாரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சுரங்கத்துக்குள் உயரக் குறைவைச் சமாளிக்க, கம்பிக்குப் பதிலாக விறைப்பான மின்கடத்திச் சட்டத்தைக் கூரையில் பொருத்தினார்கள். அந்த முடிவுகளை எடுத்த தலைமைதான் 2002 டிசம்பரில் ஷாஹ்தரா–தீஸ் ஹஜாரி பாதையில் முதல் ரயிலை ஓட்டியது. முதல் கட்டம் முடியும்போதும் அதுவே இருந்தது. பிறகு வந்த கோளாறுகளுக்கும் அதுவே பதில் சொன்னது.

2009 ஜூலை 12 அன்று ஜம்ருத்பூரில் கட்டுமானத்தில் இருந்த பாலம் இடிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். அன்றைக்கே பொறுப்பேற்று ராஜினாமா கடிதம் கொடுத்தார் ஸ்ரீதரன். முதல்வர் ஷீலா தீட்சித் ஏற்கவில்லை. அந்தக் கடிதம் கொடுக்க முடிந்ததற்குக் காரணம், அந்தப் பாலத்தின் வடிவமைப்பு, டெண்டர், மேற்பார்வை எல்லாம் அவர் காலத்தில் நடந்தவை என்பதுதான். 'முந்தையவர் செய்தது' என்று கைகாட்ட ஆள் இல்லை.

பவர்கிரிட்டிலும் இப்படி ஒரு காலம் இருந்தது. 1990-களின் நடுவில் தொடங்கி 2008 வரை ஆர்.பி. சிங் தலைவராக இருந்தார். தால்ச்சர்–கோலார், 2006-ல் வடக்கு மண்டலத்தை மற்றவற்றோடு இணைத்தது, 2007-ல் பங்குச் சந்தைக்குப் போனது எல்லாம் அந்தக் காலத்தில்தான். நீண்ட பதவிக்காலத்தில் ஆபத்தும் உண்டு. தனிமனித ராஜ்ஜியமாகிவிடலாம், கேள்வி கேட்க ஆளில்லாமல் போகலாம். அதற்குக் கண்காணிப்பு வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருவரை மாற்றுவது அதற்கு மருந்தல்ல.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்? 2024 ஜூன் 11 அன்று மண்டோலா துணை மின்நிலையத்தில் தீப்பிடித்து டெல்லியின் பல பகுதிகள் இருண்டன. அந்த ஒரு நிலையத்திலிருந்து டெல்லிக்கு வருவது 1,500 மெகாவாட். எட்டே நாளில், ஜூன் 19 அன்று, டெல்லியின் தேவை 8,656 மெகாவாட்டைத் தொட்டது. நாட்டின் உச்சத் தேவை அதே கோடையில் 250 கிகாவாட்டை எட்டியது. 2032-க்குள் மின்பாதைகளுக்கு மட்டும் 9.15 லட்சம் கோடி ரூபாய் என்று தேசிய மின் திட்டம் கணக்குப் போட்டிருக்கிறது. ராஜஸ்தானில் சூரிய மின் நிலையங்கள் முளைத்த வேகத்துக்கு லைன்கள் வரவில்லை. 2025-ல் விளைந்த மின்சாரத்தையே வெட்ட வேண்டியதாயிற்று. ஏலத்தில் எடுக்கும் தனியார் நிறுவனங்களிலும் இதே கதைதான். திட்ட மேலாளர் நல்ல சம்பளத்துக்கு அடுத்த நிறுவனத்துக்குத் தாவிவிடுகிறார். சென்னை மணப்பாக்கத்தில் எல் அண்ட் டி-யிலும் மற்ற இடங்களிலும் டவர் வேலை தெரிந்த அனுபவசாலிகளுக்கு வளைகுடா நாடுகளில் கிராக்கி.

மின் அமைச்சகம் செய்ய வேண்டியது கடினமான காரியமில்லை. 765 கே.வி.க்கு மேற்பட்ட ஒவ்வொரு பெரிய திட்டத்துக்கும் ஒரு பெயரை அறிவிக்கட்டும். நில அளவையிலிருந்து சார்ஜ் ஆகி ஓராண்டு ஓடும்வரை, ஓய்வு வயது வந்தாலும், அவரே பொறுப்பு என்று விதி வரட்டும். நிறுத்தக் கேட்கும் ஒவ்வொரு லைனுக்கும், வேலையைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளுக்கும் அவர் எழுதிய காரணம் பொதுவெளியில் இருக்கட்டும்.

டவர் வரப்போகும் ஊர்களில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 2015-ம் ஆண்டின் மத்திய வழிகாட்டுதல், டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பி போகும் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் இழப்பீடு என்றது. 2024 ஜூன் வழிகாட்டுதல் அதை 200 சதவீதமும் 30 சதவீதமுமாக உயர்த்தியிருக்கிறது. மாநில அரசு ஏற்று ஆணை போட்டால்தான் அது உங்கள் கைக்கு வரும். குழி தோண்ட ஆள் வரும் முன்பே, எந்த விகிதப்படி தருகிறீர்கள் என்று மாவட்ட ஆட்சியரிடம் எழுத்தில் கேளுங்கள். திட்டத்தின் தலைமைப் பொறுப்பாளர் யார் என்று அதே மனுவில் சேர்த்துக் கேளுங்கள்.